டைகர் 1 மாடலில் சிம்மரிட் பூச்சு: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். 1:35 அளவில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய டாங்கியான டைகர் 1-இன் பிற்கால வடிவத்தை, அதாவது 1944-இன் தொடக்கத்தில் எஃகு விளிம்புச் சக்கரங்களுடன் வந்த வடிவத்தை, உருவாக்கி வருகிறேன். காந்தக் கண்ணிவெடிகள் ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் 1943-இன் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலையிலேயே பூசிய சிம்மரிட் இல்லாவிட்டால் இந்த வண்டி அரைகுறையாகவே தெரியும் என்பதால், ஒட்டுத்தாள்களை நாடாமல் எபாக்ஸி புட்டியில் (இரு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் பசை மாவு) அதைச் செய்ய விரும்புகிறேன்.

உண்மையான பூச்சின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதை முப்பத்தைந்தில் ஒரு பங்காக்கினால் கிட்டத்தட்ட ஒரு தாளின் கனமே மிஞ்சும். அவ்வளவு மெல்லியதாகத் தேய்த்த புட்டியில் கிடைக்கோடுகளைப் பதிக்கும்போது, கருவியை ஈரப்படுத்தினாலும், கோபுரத்தின் வளைந்த பக்கங்களில் அது சுருண்டு பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று வருகிறது. பரப்பை முன்கூட்டியே உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவது போதுமா, அல்லது புட்டி சற்று இறுகும்வரை காத்திருந்து கோடிட வேண்டுமா?

டாங்கியின் வெளிப்புறத்தில் மண்வெட்டி போன்ற கருவிகளைத் தாங்கும் பித்தளைப் பிடிகளைப் பூச்சுக்கு முன் ஒட்டுவதா, பின் ஒட்டுவதா என்பதையும் தெரிவியுங்கள். முன்னதாக ஒட்டினால் கோடுகள் தடைபடும்; பின்னர் ஒட்டினால் பிடிமானம் குறையுமோ என்று தயங்குகிறேன். உதிர்ந்த சிம்மரிட்டின் அடியில் தெரியும் பகுதிக்குச் செந்நிற பிரைமர் (அடிப்பூச்சு) நிறத்தைக் கொடுத்தவர்கள், தங்கள் மாடலின் நெருக்கமான படங்களையும் பகிர்ந்தால் மிக உதவியாக இருக்கும்.