கலைச்சொல் உதவி: துறைக்குள் இருந்தும் தனியாக நடக்கும் அமைப்புக்கு என்ன பெயர்?

நி., ராயப்பேட்டை – திங்கள் இரவு

வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்குப் பொது நிர்வாகம் எடுக்கிறேன். பாடக்குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பிரிட்டனில் 1988இல், தாட்சர் காலத்தில், 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்' அறிக்கை வந்தது. கொள்கை வகுப்பதை அமைச்சகம் வைத்துக்கொள்ளட்டும். உரிமம் கொடுப்பது, வண்டியைச் சோதிப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தனித்தனி அமைப்புகளிடம் விட்டுவிடலாம் என்றது. அவற்றுக்குப் பெயர் 'எக்ஸிகியூட்டிவ் ஏஜென்சி'. அதே ஆண்டு ஆகஸ்டில் வாகனச் சோதனை அமைப்பு முதலாவதாக வந்தது. ஸ்வான்சீயில் ஓட்டுநர் உரிமம் தருகிற டி.வி.எல்.ஏ.வும் இந்த வகைதான்.

இவற்றுக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது, துறையின் உறுப்புதான். ஊழியர்களும் அரசு ஊழியர்களே. ஆனால் தனித் தலைமை அதிகாரி, தனிக் கணக்கு, ஆண்டு இலக்கு, அமைச்சரோடு எழுதிக்கொண்ட ஓர் ஆவணம் எல்லாம் உண்டு. வாரியம் என்று எழுதினால் தப்பு, கழகம் என்றாலும் தப்பு. வகுப்பில் 'ஏஜென்சி' என்றே சொல்லிப் பார்த்தேன். "கேஸ் ஏஜென்சி மாதிரியா மேடம்?" என்றான் ஒரு பையன்.

வி., பெருங்குடி – திங்கள் இரவு

பகுதித் தன்னாட்சி முகமை. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, தேசியப் புலனாய்வு முகமை என்று சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. வேலை முடிந்தது, தூங்கப் போகலாம்.

ப., அண்ணா நகர் (செயலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வுபெற்றவன்) – செவ்வாய்

தம்பி, அவ்வளவு சுலபமில்லை. முகமை சரி. தன்னாட்சி என்றதும் நம் ஊரில் 1969இல் அமைத்த ராஜமன்னார் குழுவும் மாநில உரிமையும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் 'பகுதி' போட்டால், எந்தப் பகுதி, தென்சென்னையா என்பான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரி நல்ல உவமை. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியுடையவை, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. அம்மா அதை வகுப்பில் சொல்லலாம்.

நம்மிடம் இதற்கு நேரான ஏற்பாடு இல்லாததால்தான் சொல்லும் இல்லை. செயலகத்தில் துறை, எழிலகத்திலோ டி.பி.ஐ. வளாகத்திலோ அதன் இயக்ககம். இயக்குநர் வேலையை நடத்துவார், ஆனால் ஒரு பணியிடம் நிரப்பவும் கோப்பு கோட்டைக்கு வந்தாக வேண்டும். இன்னொரு பக்கம் குடிநீர் வாரியம். அது 1978 சட்டத்தால் பிறந்தது, தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கேட்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

சொ., தாம்பரம் – செவ்வாய்

வள்ளுவர் இதற்கு எப்போதோ இலக்கணம் வகுத்துவிட்டார். "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." குறள் 517. அதிகாரப் பெயரிலேயே சொல் இருக்கிறது: தெரிந்து வினையாடல். எனவே வினையகம்.

அது பிடிக்காவிட்டால் ஆயம். எண்பேராயம் சிலம்பிலேயே உண்டு, தீர்ப்பாயத்தில் இன்றும் வாழ்கிறது. முதலெழுத்தைச் சார்ந்து வருவது சார்பெழுத்து. குற்றியலுகரம் தனித்து நில்லாது, ஆனாலும் அதற்கென்று அரை மாத்திரை உண்டு. துறையைச் சார்ந்து, தனக்கென ஓர் அளவோடு ஒலிப்பது சார்பாயம்! வாரியத்தை ஒதுக்கியது நன்று. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையில் தேர்ந்தெடுத்த குழுக்கள். இன்று அதிகாரிகளை நியமித்துவிட்டு வாரியம் என்கிறோம்.

ப. – செவ்வாய்

ஐயா, குற்றியலுகர உவமை அபாரம், சொல்தான் உதைக்கிறது. சார் என்று தொடங்கினால் சார் பதிவாளர், சார்நிலைக் கருவூலம் வரிசையில் கடைசியில் உட்கார்ந்துவிடும். ஆயம் என்றால் ஆயத்தீர்வைத் துறை, மதுவிலக்கோடு ஒட்டிக்கொண்டது. வினையகமோ சனிப்பெயர்ச்சிப் பரிகாரத்துக்குப் போகிற இடம் மாதிரி இருக்கிறது.

இ., வளசரவாக்கம் – புதன்

எங்கட பக்கம், இலங்கையில, எக்ஸிகியூட்டிவ் என்றால் 'நிறைவேற்று'. துறைக்குத் திணைக்களம். இதை நிறைவேற்று முகவர் நிலையம் என்று எழுதுவினம்.

வி. – புதன்

அக்கா, முகவர் நிலையம் என்றால் இங்கே தோஹாவுக்கு ஆள் அனுப்புகிற இடம்.

இ. – புதன்

அங்கேயும் அதுதான், தம்பி.

நி. – புதன் மாலை

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நாம் எல்லோரும் 'பாதி சுதந்திரம்' என்ற பக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம், கேள்வியை அப்படிக் கேட்டதே நான்தான். ஆனால் இந்த அமைப்பின் குடுமி வேறிடத்தில் இருக்கிறது. 1995 ஜனவரியில் வைட் தீவில் உள்ள பார்க்கர்ஸ்ட் சிறையிலிருந்து மூன்று கைதிகள் தப்பினார்கள். சிறைத்துறை 1993 முதல் இத்தகைய ஏஜென்சி. அந்த அக்டோபரில் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட், அதன் தலைவர் டெரிக் லூயிஸைப் பதவிநீக்கினார். கொள்கை என்னுடையது, நடத்துவது அவருடையது என்பது அமைச்சரின் வாதம். நடத்துவதிலும் அமைச்சர் தலையிட்டார் என்றார் லூயிஸ். அந்தக் கோடு எங்கே என்பதுதான் என் பாடமே. தன்னாட்சி, அரை, பகுதி எதுவும் அதைச் சொல்லவில்லை. கொள்கை அங்கே, செயல் இங்கே என்று காட்டுகிற சொல் வேண்டும்.

ப. – புதன் இரவு

அப்படிச் சொல்லுங்கள் அம்மா. பேரூராட்சிக்குப் போனால் செயல் அலுவலர், கோயிலுக்குப் போனால் செயல் அலுவலர், பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளர். முடிவு எங்கோ எடுக்கப்படும், கையெழுத்தும் திட்டும் இவருக்கு. செயல் முகமை என்று போடுங்கள். அகராதி பார்க்காமல் மாணவனுக்குப் புரியும்.

சொ. – புதன் இரவு

போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் செயன்முகமை. லகரத்தின்முன் மெல்லினம் வந்தால் னகரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி. செயன்முறை என்று எழுதுகிறீர்கள் அல்லவா? பொறியாளருக்கு றகரம் போட்டவர்கள் முகமைக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

வி. – புதன் இரவு

செயன்முகமை என்றால் தேடுபொறியில் ஒன்றும் கிடைக்காது. செயல்முறை என்றும்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், ஐயா.

சொ. – புதன் நள்ளிரவு

எல்லோரும் எழுதுவது விதியானால் நான் ஏன் முப்பத்தொரு வருஷம் கரும்பலகை துடைத்தேன்?

நி. – வியாழன் காலை

'செயல் முகமை' என்று அனுப்பிவிட்டேன், இடைவெளி விட்டு. சேர்த்து எழுதாவிட்டால் புணர்ச்சி பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன் (சொ. ஐயா மன்னிக்கணும்). முதல் முறை வருமிடத்தில் 'துறையின் கீழ்ச் செயல் முகமை' என்று நீட்டி எழுதி, தன்னாட்சிக் கல்லூரி உவமையும் சேர்த்திருக்கிறேன். குற்றியலுகரத்தை வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

சொ. – வியாழன் காலை

இடைவெளி விட்டாலும் புணர்ச்சி புணர்ச்சிதான். மறுபதிப்பு எப்போது?