விற்கச் சொன்னவர், திரும்ப எப்போது வாங்க என்று சொன்னாரா?

பள்ளத்தூர் மகள்

2020 மார்ச் 23. கொரோனா பயத்தில் பங்குச்சந்தை சரிந்த அந்தத் திங்கட்கிழமையை மறந்தவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், அதனால் முன்கதை வேண்டாம். அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை ஷேரில் போட்டிருந்தார். கணக்கு என் போனில் இருந்தது. முந்தின நாள் ராத்திரி, சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நிதானமான, படித்த குரல். "நிஃப்டி ஐயாயிரத்துக்குப் போகும், இருப்பதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்" என்றது. (நிஃப்டி, சென்செக்ஸ் இரண்டும் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டு எண்கள்.)

காலையில் சந்தை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 10 சதவீதம் விழுந்து லோயர் சர்க்யூட், அதாவது இறக்கத்துக்கு வைத்த எல்லை. 45 நிமிடம் வியாபாரம் நிறுத்தம். அந்த 45 நிமிடம்தான் இன்னும் என்னை விடவில்லை. வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு அந்தப் பதிவை ஐந்தாறு தடவை கேட்டிருப்பேன். முற்றத்தில் அம்மா மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார், அந்த நெடி இப்போதும் மூக்கில் இருக்கிறது. சந்தை திரும்பத் திறந்ததும் மொத்தத்தையும் விற்றேன். அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளி இறங்கி 25,981-இல் முடிந்தது.

அப்பச்சியிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "சரி, வித்தாச்சு. திரும்ப எப்ப வாங்கணும்னு அந்த ஆள் சொன்னாரா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

நிஃப்டி ஐயாயிரத்துக்கு வரவே இல்லை. மறுநாள் 7,511 வரை இறங்கிவிட்டுத் திரும்பியது. பத்தே மாதத்தில், 2021 ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. நாங்கள் வங்கி எஃப்.டி.யில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கும் இப்படி ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் எழுதுங்கள்.

செக்காலை ரோடு

ஆச்சி, உங்களுக்கு வந்தது முகம் தெரியாத குரல். நான் பார்த்த மனிதர் தினமும் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்.

அப்போது காரைக்குடியில் ஒரு புரோக்கர் ஆபீசில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருவார். 2005 ஜூனில் சென்செக்ஸ் 7,000-ஐத் தாண்டியதும், "இது தாங்காது" என்று எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அதற்கப்புறமும் வருவதை நிறுத்தவில்லை. வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "இப்போது வேண்டாம், விழப்போகிறது" என்பார். 10,000-இல் சொன்னார், 15,000-இல் சொன்னார், 20,000-இலும் சொன்னார். அவர் சொல்லுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் பலர்.

2008 ஜனவரி 21. ஒரே நாளில் 1,408 புள்ளி போய்விட்டது. ஆபீஸ் முழுக்கக் கூட்டம், ஆனால் திரையைப் பார்த்தவர்களைவிட அவரைத் திரும்பிப் பார்த்தவர்களே அதிகம். அவர் பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார், கண்ணால் பார்த்தேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அன்று சென்செக்ஸ் முடிந்தது 17,605. சரிவின் அடி 2009 மார்ச்சில் வந்தது, 8,160-இல். அதாவது அந்த மாபெரும் வீழ்ச்சியின் கடைசிப் படிக்கட்டுகூட அவர் விற்ற இடத்துக்கு மேலேதான் இருந்தது. அவர் அப்போதும் வாங்கவில்லை, "6,000 வரட்டும்" என்றார். தேர்தல் முடிவு வந்தபின் மே 18 அன்று சந்தை மேலே ஏறி, ஏற்றத்தின் எல்லையான அப்பர் சர்க்யூட்டில் நின்றபோது அவர் பெஞ்சில் இல்லை. அதற்குப் பிறகு அவரை அங்கே நான் பார்க்கவில்லை. அவர் சொன்னது நடந்தது. ஆனால் அதை நம்பியதில் அவருக்கே ஒரு காசு மிஞ்சவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ரோஜர் பாப்சன் என்ற சந்தைக் கணிப்பாளர் 1929 செப்டம்பர் 5 அன்று வீழ்ச்சி வரும் என்றார், அடுத்த மாதமே வந்தது, அவர் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே இரண்டு வருடமாக அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை யாரும் நினைப்பதில்லை.

பழைய பேரேடு, கானாடுகாத்தான்

செக்காலை ரோடு அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. எச்சரிக்கை என்றாலே ஒதுக்கிவிடலாம் என்று படிக்கிற பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயாவின் அப்பச்சிக்குப் பர்மாவில் வட்டிக்கடை. அவர் இங்கேயே இருந்தார், அங்கே மேலாள் நடத்தினார். மாதாமாதம் கணக்கு வரும். போன வருடம் வீட்டின் இரண்டாம் கட்டைச் சுத்தம் செய்தபோது பெட்டகத்தில் அந்தக் கட்டு கிடைத்தது. 1941 ஆவணியில் மேலாள் எழுதியிருக்கிறார்: ஊர் நிலவரம் சரியில்லை, வசூலானதை அனுப்பிவிட்டுக் கடையை மூட உத்தரவு கொடுங்கள். அதன் ஓரத்திலேயே ஐயாவின் அப்பச்சி கையெழுத்தில், பென்சிலில், "அறுப்பு முடியட்டும்" என்று இருக்கிறது. நெல் அறுப்பு முடிந்தால்தானே கடன் திரும்பும். கார்த்திகைக் கணக்கு வந்திருக்கிறது. மார்கழிக் கணக்கு இல்லை. டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது. மேலாள் அரக்கான் வழியாக நடந்து, உடம்பில் பாதியாகத்தான் ஊர் வந்து சேர்ந்தாராம்.

அந்தப் பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எச்சரித்தவர் அங்கேயே இருந்தவர், கணக்குத் தெரிந்தவர், தன் உயிரும் அதில் இருந்தவர். அவர் பேச்சு நம்பத் தகுந்தது. ஆனால் அப்போதே காலம் கடந்துவிட்டது. 1930களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போய், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை ஒரு ராத்திரியில் யாரிடம் விற்பது?

விழுந்தது எல்லாம் பத்து மாதத்தில் எழுந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜப்பானின் பங்குக் குறியீடு நிக்கேய் 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம். அன்று ஒருவர் டோக்கியோவில் நின்று "விற்றுவிடுங்கள்" என்று கத்தியிருந்தால், அவர் பேச்சைக் கேட்டவர் பிழைத்திருப்பார்.

ஆடிட்டர் ஆபீஸ், காரைக்குடி

எனக்கும் 2020-இல் ஒரு குரல் பதிவு வந்தது. அழித்துவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில், யார் சொல்கிறார் என்று பாருங்கள். பங்குகளைப் பற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்ல, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். ஆய்வாளர் என்றால் பதிவு எண் ஐஎன்ஹெச் என்று தொடங்கும், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ. செபியின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதிவு இருந்தால் அவர் சொல்வது பலிக்கும் என்று அர்த்தமில்லை, தப்பு நடந்தால் புகார் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அடுத்து, "இவர் தொடர்ந்து ஐந்து தடவை சரியாகச் சொன்னார்" என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பேப்பரில் போட்டுக் காட்டுவது இது. 1,600 பேர் நம்பர் கையில் இருக்கிறது. 800 பேருக்குச் சந்தை ஏறும் என்றும் 800 பேருக்கு இறங்கும் என்றும் அனுப்புகிறான். பலித்த 800 பேரை மறுபடி பாதியாகப் பிரிக்கிறான். 400, 200, 100, 50. ஐந்து வாரம் முடிந்ததும் ஐம்பது பேர் அவனைத் தெய்வமாக நினைப்பார்கள். ஆறாவது செய்தியில் பணம் கேட்பான். அவனுக்குச் சந்தையைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை, கல்யாணமோ வைத்தியமோ, ஷேரில் வைக்காதீர்கள். பள்ளத்தூர் ஆச்சி செய்த தவறு மார்ச் 23-இல் இல்லை, அதற்கு முன்னாலேயே ஓய்வூதியப் பணத்தை அங்கே கொண்டுபோனதில் இருக்கிறது. எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்துப் பந்தயம் போல நடக்கும் வியாபாரம், அதன் பக்கம் போகவே வேண்டாம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்று செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

பள்ளத்தூர் மகள்

அண்ணே, பணத்தை எங்கே போடலாம் என்று நான் கேட்கவில்லை. அப்பச்சி போட்டது அவர் பணத்தில் ஒரு பகுதி, யோசித்துத்தான் போட்டார். அவர் விற்கச் சொல்லவே இல்லை, நான்தான் விற்றேன். அதைத்தான் எழுதினேன்.

தேவகோட்டை ரஸ்தா

எஃப் அண்ட் ஓ என்றதும் எழுதத் தோன்றுகிறது. என் கூட்டாளி, பெயர் வேண்டாம். 2024 ஜூன் 1 சனிக்கிழமை தேர்தல் கருத்துக்கணிப்பு வந்தது, திங்கட்கிழமை சந்தை பறந்தது. அவன் மட்டும் "நாளைக்கு அடி விழும்டா" என்றான். நாற்பதாயிரத்துக்கு, சந்தை விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷன் வாங்கினான். தேர்தல் முடிவு வந்த ஜூன் 4 அன்று சென்செக்ஸ் 4,389 புள்ளி இறங்கியது. மத்தியானம் என் கடைக்கு வந்து, ஆணி எடை போடுகிற தராசுக்குப் பக்கத்தில் போனை வைத்தான். ஒன்றரை லட்சம். நான் எடையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியுதுடா" என்றான். அந்த முகம்தான் இன்னும் மறக்கவில்லை.

சந்தை மூன்றே நாளில் விட்டதைப் பிடித்துவிட்டது. அவன் விடவில்லை, வாராவாரம் புட் வாங்கினான். வாராவாரம் அது காசாகாமல் காலாவதி. செப்டம்பர் 27-இல் நிஃப்டி 26,277 வரை போனது. ஒன்றரை லட்சமும் போய், வீட்டுக்காரி வளையலும் அடகுக்குப் போயிருந்தது.

அவன் சொன்ன சரிவு அக்டோபரில் வந்தது. மார்ச் வரை நிற்கவில்லை. அப்போது அவனிடம் போடக் காசு இல்லை. நாற்பதாயிரத்தை அன்றே இழந்திருந்தால் அவன் நன்றாக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளத்தூர் மகள்

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. இப்போது எப்படி இருக்கிறார்?

கானாடுகாத்தான் அண்ணனுக்கு ஒன்று. உங்கள் மேலாள் "கடையை மூட உத்தரவு கொடுங்கள்" என்று மட்டுமா எழுதினார்? வசூலானதை அனுப்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறாரே. அடுத்து என்ன செய்வது என்பது அதிலேயே இருக்கிறது. எனக்கு வந்த குரலில் அது இல்லை.

2022-இல் அப்பச்சி மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னார். கூடவே ஒரு நீள நோட்டு வாங்கிவந்தார். விழப்போகிறது என்று யார் அனுப்பினாலும் இடப்பக்கம் தேதியும் அன்றைய நிஃப்டியும் எழுத வேண்டும். அதே ஆள் திரும்ப வாங்கச் சொன்னால் வலப்பக்கம். இதுவரை இடப்பக்கம் பதினான்கு வரி. வலப்பக்கம் ஒன்றும் இல்லை.

தேவகோட்டை ரஸ்தா

வேலைக்குப் போகிறான் ஆச்சி. வளையலைப் போன மாதம் திருப்பியாச்சு.

செக்காலை ரோடு

அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் ஆச்சி.

பள்ளத்தூர் மகள்

அப்பச்சி தூங்குகிறார். எழுந்ததும் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.