முதல் தடவை கப்பிங்: உங்களுக்கு எப்படி இருந்தது?

தோள்வலிக்காரன்:
வலிக்கு உடம்பில் கப்புகளைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சி இழுப்பார்களே, அந்தக் கப்பிங்கைப் போன வாரம் செய்துகொண்டேன், பம்ப் வைத்து இழுக்கும் வகை. வலிக்கும் என்று பயந்தது வீண். தோல் மொத்தமும் கப்புக்குள் ஏறி இறுகுகிற மாதிரி ஓர் இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் கழற்றும்போது வந்த 'ப்ளக்' சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. ஏழு கப், ஏழு 'ப்ளக்'. வட்டங்கள் மங்கவே இல்லை. சட்டையைக் கழற்றினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எத்தனை நாளில் போகும்?

நிலாமுற்றம்:
எனக்கு நெருப்பு வகை. குப்புறப் படுத்திருந்தேன். ஸ்பிரிட் வாடை, முதுகுக்கு மேலே 'குப்'பென்று ஒரு சத்தம். எரியும் பஞ்சைக் கண்ணாடிக்குள் காட்டி எடுத்துவிட்டுத்தான் கவிழ்க்கிறார்கள், உள்ளே காற்று ஆறும்போதுதான் தோலை இழுக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, ஒவ்வொரு 'குப்'புக்கும் கால்விரல் மடங்கியது. வலி இரண்டு நாள் இல்லை, மூன்றாம் நாள் திரும்பிவிட்டது. கறுத்த வட்டத்தைக் காட்டி, "இங்கேதான் நச்சு அதிகம்" என்றார் செய்தவர்.

சும்மாஇருப்பவன்:
நச்சாவது ஒன்றாவது! இழுத்த இழுப்பில் தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து கன்றிப்போனது அது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் தோளில் எல்லோரும் பார்த்ததும் அதே கன்றல்தான். அவர் தங்கம் வாங்கியது நீந்தி.

நிலாமுற்றம்:
அவர் சொன்னார் என்றுதானே எழுதினேன்? நான் நம்பினேன் என்று எங்கே இருக்கிறது?

அரைத்தூக்கம்:
நான் ஹிஜாமா, தோலைக் கீறிக் கப்பில் ரத்தம் இழுக்கும் வகை. கீறல் எறும்புக்கடி போலத்தான். கப்பில் ரத்தம் ஜெல்லியாக உறைந்து கிடந்ததை எட்டிப் பார்த்தேன், எழுந்ததும் கண் இருட்டிவிட்டது. சரி, போகிறவர்களுக்கு: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முதலில் டாக்டரிடம் கேளுங்கள். பிளேடு புதிதாக, உறையை உங்கள் கண்முன்னே பிரித்ததாக இருக்கட்டும். காயம், சொறி, நரம்பு சுருட்டிய இடம் எதிலும் கப் வைக்க விடாதீர்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். நேரம் போகப்போகக் கொப்புளம் கிளம்பும். எரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள். நெருப்பு வகையில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

தோள்வலிக்காரன்:
நன்றி. நான் கேட்டது வட்டத்தைப் பற்றி.

அரைத்தூக்கம்:
எனக்குப் பத்து நாள் ஆனது. முதலில் ஊதா, அப்புறம் ஒரு மாதிரி மஞ்சள்.