மஞ்சக்குப்பம் வீடு (குடும்பக் குழு)

கலா: பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். கவின் காதில் அழுக்கு ஒன்றும் இல்லையாம். இடது செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. திரையில் காட்டினார்கள், சின்ன முத்து ஒட்டியிருக்கிற மாதிரி. பேர் கொலஸ்டியடோமா.

சேகர்: கொலஸ்ட்ராலா? ஏழு வயசுப் பையனுக்கா?

திவ்யா: இல்லை மாமா 😄 1838-ல் யோஹன்னஸ் மியூல்லர் என்ற ஜெர்மன்காரர் கொழுப்பு என்று நினைத்து வைத்த பேர், அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருப்பது வெறும் தோல். கருவிலேயே மறைய வேண்டிய தோல் துளி காதுக்குள் தங்கிவிட்டால், உதிர்கிற தோல் வெளியே போக வழியில்லாமல் உருண்டு சேரும். பிறவியிலேயே வருவது அபூர்வம்.

ராஜி: கட்டி என்றால் புற்றுநோயா கலா? கை நடுங்குகிறது.

கலா: அதைத்தான் அண்ணி முதலில் கேட்டேன். புற்று இல்லை. ஆனால் விட்டுவைத்தால் எலும்பை அரிக்குமாம். சி.டி. ஸ்கேனில், காதுக்குள் சத்தத்தைக் கடத்துகிற பட்டடை எலும்பின் ஒரு முனையே காணோம், அதனால்தான் சத்தம் உள்ளே போகவில்லை. அந்தக் காதில் 45 டெசிபலுக்குக் கீழே கேட்காது. ரகசியம் பேசுவது 30 தான்.

ஆயா: நான் நல்லெண்ணெய் காய்ச்சி விட்டதால் வந்ததா?

கலா: ஐயோ இல்லை அத்தை. பிறக்கும்போதே இருந்தது. ஆனால் இனிமேல் எண்ணெய் வேண்டாம்.

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திவ்யா: பார்த்துவிட்டேன் மாமா. வெங்காயச் சாறும் வேண்டாம்.

கலா: வலி இல்லை, சீழ் இல்லை. முன்னால் பார்த்த டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். பள்ளியில் கவனமில்லை என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள், நானும் அடித்தேன். வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழமாட்டான். புரண்டு படுத்திருந்தால் ஒரே குரலில் எழுந்துவிடுவான். அழுத்தக்காரன் என்று திட்டினேன் அண்ணி.

ராஜி: யாருக்குத் தெரியும் கலா. ஆபரேஷனா?

கலா: ஆமாம். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளருமாம். அதனால் அப்புறமும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் திரும்பத் திறப்பார்கள். தண்ணீர் படக்கூடாது, சில்வர் பீச் பேச்சே கூடாது. அதற்குத்தான் அழுகிறான்.

ராஜி: புதன்கிழமை ஜிப்மருக்கு நானும் வருகிறேன்.

கலா: சரி அண்ணி, காலை 5 மணி பஸ். ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுக்குப் பாண்டியில் இன்னொரு பஸ் மாற வேண்டும். அவன் ஜன்னல் ஓரம்தான் கேட்பான். இடது பக்க சீட்டாகப் பாருங்கள், வலது காது நம் பக்கம் இருக்கும்.