எந்தச் சட்டை திரும்பத் திரும்பக் கொடிக்கு வருகிறது?

குறைந்த துணி, நெடுநாள் உழைக்கும் துணி, ஒன்றோடொன்று சேரும் துணி என்று அலமாரியை மாற்றிக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். சறுக்கியதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் சறுக்கியதிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் அலமாரி முழுவதையும் கட்டிலில் கொட்டினேன். பாதிக்கு மேல் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, யாரோ போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, சாம்பல் நிற டி-ஷர்ட், பழுப்பு மேலங்கி என்று பதினான்கு உருப்படிகள். எதை எடுத்தாலும் எதோடும் சேரும் என்பது கணக்கு. அவை சேர்ந்தன, நான்தான் அவற்றோடு சேரவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டால் சாப்பிடப் பயம், குழந்தையைத் தூக்கப் பயம். மேலங்கியை ஆறு தடவை போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

பிறகுதான் இந்தப் பட்டியல்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ இந்த எண்ணத்தைப் பரப்பினார். 1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உருப்படிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். காலையில் அலுவலகம், மாலையில் விருந்து என்று ஓடும் பெண்ணுக்காக வெட்டிய துணி அது. என் நாளில் விருந்து எங்கே இருக்கிறது? அடுத்தவர் வாழ்க்கைக்கு எடுத்த அளவில் நான் துணி வாங்கியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு உடையின் உள்சீட்டிலும், துவைக்கும் ஒவ்வொரு முறையும், அழியாத மையால் ஒரு புள்ளி. ஓராண்டு முடிந்து எண்ணிப் பார்த்தால், பட்டியலில் இல்லாத பழைய பாசிப்பச்சைக் கால்சட்டையில் அறுபத்தொரு புள்ளிகள். வெள்ளைச் சட்டையில் நான்கு. வயிறெரிந்தது அதற்காக இல்லை. கருநீலப் பருத்திச் சட்டை ஒன்று இருந்தது. அந்தக் கால்சட்டைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அது மூட்டையோடு போய்விட்டது.

*

புள்ளி வைக்கும் யோசனை நன்று. என் அனுபவம் கறுப்பு டி-ஷர்ட்டில். பிடித்துப்போன வேகத்தில் ஒரே ரகத்தில் ஐந்து வாங்கினேன். கடையில் தொங்கும்போது பக்கத் தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. நான்காவது துவைப்பில் இடப்பக்கத் தையல் வயிற்றின் மேல் ஏறி நின்றது. ஐந்தும் அப்படியே, ஒன்றுகூடத் தப்பவில்லை. நூலில் ஏற்றிய முறுக்கு அடங்காமல் பின்னிய துணியாம்; இஸ்திரி போட்டு நேராக்கி விற்றுவிடுகிறார்கள், தண்ணீர் பட்டதும் முறுக்கு தன் வழியில் திரும்பிக்கொள்கிறது. இப்போது எது பிடித்தாலும் ஒன்றுதான் வாங்குவேன். மூன்று தடவை துவைத்த பிறகே இரண்டாவது.

இன்னொன்று. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி சுருங்காது என்று சொல்லி விற்பார்கள், உண்மைதான். ஆனால் அக்குளிலும் பக்கவாட்டிலும் பஞ்சு உருண்டை திரளும். தனிப் பருத்தியிலும் திரளும், ஆனால் நாளடைவில் உதிர்ந்துவிடும். கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

*

என் அப்பா தையற்காரர். துணி வாங்கும்போது அவர் வெளிப்பக்கம் பார்த்து நான் கண்டதில்லை. புரட்டி உள்ளேதான் பார்ப்பார். கால்சட்டையின் பின்பக்க நடுத்தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே துணி விட்டிருக்கிறதா? விட்டிருந்தால் இடுப்பு பெருத்தாலும் பிரித்து விடலாம். ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடித்து, மிச்சத் துணியை ஒட்ட வெட்டியிருந்தால் அந்தக் கால்சட்டை உங்கள் இன்றைய இடுப்புக்கு மட்டும்தான்.

சட்டைக்கு முதலில் வயதாகும் இடம் காலர். பிடரியில் உரசி உரசி மடிப்புக் கோட்டில் இழை விட்டுவிடும், மற்ற இடமெல்லாம் புதிது மாதிரி இருக்கும்போதே. அப்பா காலரை அதைத் தாங்கும் கழுத்துப் பட்டியிலிருந்து பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகும்படி திருப்பி, அதே பட்டிக்குள் செருகித் தைத்துவிடுவார். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. அந்தச் சட்டை இன்னும் சில ஆண்டுகள் ஓடும். காலர் முனையில் பட்டன் வைத்த சட்டைக்கு மட்டும் சரிவராது, காஜா தலைகீழாகப் போய்விடும்.

பட்டன் தைக்கும்போது துணியோடு ஒட்ட இறுக்காதீர்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை நாலைந்து சுற்று சுற்றி முடிச்சிடுங்கள். பட்டன் அறுந்து நான் பார்த்ததில்லை.

*

தையற்காரர் மகன் சொன்ன ஓர் அங்குலம் என்னிடம் இல்லாமல் போனது. பிரசவத்துக்குப் பின் என் 'எல்லாவற்றோடும் சேரும்' கால்சட்டைகள் மூன்றும் இடுப்பில் ஏறவில்லை. இழுபடும் துணிதானே, தாங்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஓடும் எலாஸ்டேன் இழை சூட்டில் நொய்ந்துபோகும். நான் உலர்த்தி இயந்திரத்தில் அதிகச் சூட்டில் போட்டுப் போட்டு முழங்கால் புடைத்து நின்றதுதான் மிச்சம். இப்போது நாடா வைத்த கால்சட்டை இரண்டு. யாரும் அழகு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

*

மூட்டை கட்டிக் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் கொடுத்தவன்தான். நிம்மதியாகத்தான் இருந்தது, எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கையைப் படிக்கும் வரை. உடைக்காகப் பயன்படும் மூலப்பொருளில் மறுசுழற்சியாகித் திரும்பவும் உடையாவது 1 சதவீதத்துக்கும் குறைவாம். ஒரு துணியை ஒதுக்குவதற்குமுன் உடுத்தும் தடவைகள் 15 ஆண்டுகளில் 36 சதவீதம் குறைந்துவிட்டதாகவும் சொல்கிறது. அதிலிருந்து நான் அலமாரியைக் 'காலி செய்வதை' விட்டேன். இருப்பதைக் கிழியும் வரை உடுத்துகிறேன், அதன் பிறகு தரை துடைக்க. புதிதாக ஒரு அழகான அலமாரி வேண்டும் என்பதற்காகப் பழையதை வெளியே தள்ளுவதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

தொடங்கியவள் மீண்டும் வந்திருக்கிறேன். மேலே எழுதியவர் குத்தியது சரியான இடத்தில்தான்.

ஒரு செய்தி. கருநீலச் சட்டை கிடைத்துவிட்டது! மூட்டையை அனுப்புவதற்குமுன் என் தங்கை அதை உருவி வைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். திருப்பிக் கேட்க வாய் துடித்தது. "அக்கா, நீதானே வேண்டாம் என்று கொடுத்தாய்" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாடு. பிடரிப்பக்கம் காலர் நைந்து வெள்ளை இழை தெரிகிறது, முனையில் பட்டன் இல்லை. காலரைத் திருப்பித் தைத்துத் தருவது என் பொறுப்பு. மாதத்தில் இரண்டு வாரம் சட்டை எனக்கு.

தையற்காரர் மகனுக்கு ஒரு கேள்வி: பட்டியைப் பிரிக்கும்போது காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்திருக்கும் கேன்வாஸ் துணியையும் எடுக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?