புதுப்பிப்பு: ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்து ஏரிக்கரை நடைகள்

மலைப்பாதைகள் பனியில் கிடக்கும் ஏப்ரலில், அம்மாவோடு ஸ்விட்சர்லாந்தில் எங்கே நடக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். ஏரிக்கரை ஊர்களைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. போய் வந்துவிட்டோம்.

ஜெனீவா ஏரிக்கரை ஊரான மோந்த்ரோவிலிருந்து ஷியோன் கோட்டை வரை கரையோரமாகவே சமதளப் பாதை, 4 கி.மீ.க்குள்தான். ஒரு பக்கம் பூப்பாத்திகள், மறுபக்கம் தண்ணீருக்கு அப்பால் வெண்பனிச் சிகரங்கள். உட்கார வழிநெடுக பெஞ்சுகள். அம்மா அசரவே இல்லை! அதே ஏரிக்கரையில் இருக்கும் மோர்ஜ் ஊரின் துலிப் பூங்காவுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது அதே ஏரிக்கரைச் சரிவில் இருக்கும் லாவோ பகுதி. 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த திராட்சைப் படிக்கட்டு வயல்கள். இங்கே மூன்று சூரியன்கள் என்பார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் ஒளி, கல்சுவர்கள் தேக்கிவைத்த சூடு. நிழலே இல்லாத பாதை, அதனால் வசந்தம்தான் சரி. சென் சஃபோராங்கிலிருந்து லுத்ரி வரை முழுதும் நடந்தால் சுமார் 11 கி.மீ. நாங்கள் பாதிதான் நடந்தோம். கீழே கரையோர ஊர்களில் ரயில் நிற்கிறது.

தெற்கே இன்னொரு ஏரிக்கரை ஊரான லுகானோ பற்றிக் கேட்டவருக்கு: கஸ்தஞோலா–காந்த்ரியா ஆலிவ் பாதை அழகு, ஆனால் படிகள் உண்டு. முழங்கால் வலி இருந்தால் திரும்பும்போது படகு ஏறுங்கள். நேர அட்டவணையை முன்பே பார்த்துவிடுங்கள்.