ஒரு கணினிக்கு நான்கு பேர்; ஒருவர் செய்கிறார், மூவர் பார்க்கிறார்கள். என்ன வழி?

கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். கணினி அறையில் ஒழுங்காக இயங்குபவை 9. நான்கு பேருக்கு ஒன்று என்று உட்காரவைத்து, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வடிவியல் செய்யச் சொல்கிறேன். நடப்பது எப்போதும் ஒன்றுதான். வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளையின் கை முதல் நிமிடத்திலேயே மவுஸ் மேல் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கிறார். மூன்றாமவர் கேட்டால் பதில் சொல்வார். ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்குத் திரையே சரியாகத் தெரிவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் பூ வரைந்துகொண்டிருக்கிறார். மணி அடிக்கும்போது 9 கோப்புகளும் சரியாகவே இருக்கின்றன. மறுநாள் அதே கணக்கைத் தாளில் கொடுத்தால், குழுவுக்கு ஒருவர்தான் போடுகிறார்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்லிப் பார்த்தேன். மவுஸ் கைமாறுகிறது. ஆனால் எழுந்து போனவர் விடுவதில்லை. "அதை இழு, இங்கே அமுக்கு" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். புதிதாக உட்கார்ந்தவர் சொன்னதைச் செய்துவிட்டு விழிக்கிறார்.

ஒவ்வொரு கணினியிலும் இரண்டு மவுஸ் செருகினால் பலன் இருக்குமா? அல்லது குழு பிரிக்கும் முறையை மாற்ற வேண்டுமா? அந்த ஓரத்து நாற்காலிப் பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர்:

மவுஸ் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன், அம்மா. விண்டோஸில் இரண்டு மவுஸ் செருகலாம். இரண்டும் வேலை செய்யும். ஆனால் திரையில் அம்புக்குறி ஒன்றுதான் இருக்கும். ஒருவர் இடப்பக்கம் இழுக்க, மற்றவர் வலப்பக்கம் இழுப்பார். சண்டைதான் வளரும்.

ஆளுக்கொரு அம்புக்குறி தரும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் பெங்களூரில் உருவாக்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஐந்து பேர் ஒரே கணினியில் ஆங்கிலச் சொற்களைக் கற்றார்கள். யார் முதலில் அமுக்கினாலும் அடுத்த திரை வரும் என்று வைத்தபோது, யோசிக்காமல் அமுக்கும் பந்தயமாகப் போய்விட்டது. எல்லோரும் சரியான விடையை அமுக்கினால்தான் அடுத்தது வரும் என்று மாற்றியபோது, தனிக் கணினியில் படித்தவர்களுக்கு அவர்கள் பின்தங்கவில்லை. மவுஸின் எண்ணிக்கையைவிட, அடுத்த படிக்குப் போக எத்தனை பேருடைய சம்மதம் தேவை என்பதுதான் அங்கே வேறுபாட்டை உண்டாக்கியது. உங்கள் வகுப்பில் அதை மென்பொருள் இல்லாமலே செய்ய முடியும் என்று நினைக்கிறேன். எப்படி என்று ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் பிறை வடிவில் போடுங்கள். திரையை அறிவிப்புப் பலகை உயரத்துக்குத் தூக்காமல் சற்றுத் தாழ்த்தி, பின்னுக்குத் தள்ளி வையுங்கள். பழைய எல்சிடி திரைகள் பலவற்றில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். ஓரத்தில் இருப்பவருக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்குமுன் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

நிரலாக்கப் பயிற்றுநர்:

மென்பொருள் துறையில் இருவர் ஒரே கணினியில் நிரல் எழுதும் வழக்கம் உண்டு. ஒருவர் ஓட்டுநர், மற்றவர் வழிகாட்டி. எங்கள் மாணவர்களுக்கு நான் விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: உங்களுக்குத் தோன்றியதை நீங்களே செய்யக்கூடாது, வாயால் சொல்லி, இன்னொருவர் கையால் செய்யவைக்க வேண்டும். திரையைத் தொடுவதற்குத் தடை. "இங்கே" என்ற சொல்லும் வேண்டாம். "ஏபி கோட்டின் நடுப்புள்ளியை எடு" என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். விரலைக் கட்டிப்போட்டால் கணிதச் சொற்கள் தாமாக வாய்க்கு வந்துவிடும். உங்கள் வகுப்பில் மாற்றம் பலிக்காமல் போனதற்கு அந்த விரல்தான் காரணம் என்பது என் எண்ணம்.

நான்கு பேர் அதிகம் என்றால் இருவர் கணினியில், இருவர் அதே கணக்கைத் தாளில். பாதி நேரத்தில் இடம் மாறலாம்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்:

மேலே சொன்னவர் கருத்தில் பாதியை ஏற்கிறேன். விதிகள் வேண்டியவைதாம். ஆனால் ஒருவரே தனியாக முடித்துவிடக்கூடிய வேலையை நால்வருக்குக் கொடுத்தால், எந்த விதி போட்டாலும் ஒருவரே முடித்துவிடுவார். அது பிள்ளையின் குணக்கேடு அல்ல. வேலையின் அமைப்பு அப்படி.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, பகைமை முற்றியிருந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் மற்றவர்களுக்குத் தேவையான ஏதோ ஒன்று இருந்தது. யாரையும் ஒதுக்கிவிட்டு வேலை நடக்காது. அதே உத்தியை ஜியோஜீப்ராவுக்குக் கொண்டுவாருங்கள், அம்மா.

ஒரு பாடத்தையே முழுதாகச் சொல்கிறேன். நாற்கரத்தின் பக்கங்களுடைய நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் கிடைக்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் வரின்யோனின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. இப்போது நால்வருக்கும் ஆளுக்கொரு சீட்டு. ஒன்றில் செவ்வகம், ஒன்றில் சாய்சதுரம், ஒன்றில் பட்டம், ஒன்றில் இருசமபக்கச் சரிவகம். சீட்டை அடுத்தவரிடம் காட்டக்கூடாது. முதல் ஐந்து நிமிடம் கணினி அணைந்தே இருக்கட்டும். அவரவர் தாளில் வரைந்து, நடுவில் என்ன வடிவம் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, வேறொருவர் கணினியில் வரைய வேண்டும்.

செவ்வகத்துக்குச் சாய்சதுரம் வரும். சரிவகத்துக்கும் சாய்சதுரம்தான். சாய்சதுரத்துக்குச் செவ்வகம் வரும்; பட்டத்துக்கும் செவ்வகம்தான். இங்கேதான் பிள்ளைகள் நிமிர்வார்கள். சரிவகமும் செவ்வகமும் எப்படி ஒரே கட்சியில் சேர்ந்தன? நான்கு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புலப்படும்: செவ்வகத்திலும் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமம், மற்ற இரண்டிலும் அவை செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மூலைவிட்டத்துக்கு இணை, அதன் நீளத்தில் பாதி. காரணம் அவ்வளவே. ஒரு சீட்டு குறைந்தாலும் அந்த ஒப்பீடு நொண்டியடிக்கும். ஓரத்து நாற்காலிப் பிள்ளையிடம் பட்டத்தைக் கொடுங்கள். பட்டம் இல்லாவிட்டால் சாய்சதுரத்தின் சமபக்கங்கள்தாம் காரணம் என்று குழு எளிதில் ஏமாந்துவிடும்.

கணித ஆசிரியை:

ஐயா, சீட்டு முறையைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். அறையில் சத்தம் கூடிவிட்டது. ஆனால் முழுவதும் மூலைவிட்டம் பற்றிய சத்தம். பட்டத்தைச் சொல்லி வரையவைக்க ஒரு பெண்ணுக்கு நெடுநேரம் ஆயிற்று. "சமபக்கங்கள் அடுத்தடுத்து வரவேண்டும், எதிரெதிரே அல்ல" என்று அவள் மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் மவுஸ் வைத்திருந்த பையனுக்குப் பிடிபட்டது. இந்த ஆண்டில் அவள் குழுவில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. விரலுக்குத் தடையும் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டு சிக்கல்கள் மிச்சம் இருக்கின்றன. சில குழுக்களில் கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர் சீட்டை வாங்கிப் படித்துவிடுகிறது. மதிப்பெண்ணைக் குழுவுக்குத் தருவதா, ஆளுக்குத் தருவதா என்பதும் குழப்பம்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்:

சீட்டை வாய்மொழியாகவே சொல்லிவிடுங்கள், காதோடு காதாக. மதிப்பெண்ணுக்கு: வேலை முடிந்ததும் குழுவில் ஒருவரை நீங்கள் தேர்ந்து, தம்முடையதல்லாத சீட்டை விளக்கச் சொல்லுங்கள். யார் எழுவார் என்று முன்கூட்டித் தெரியக்கூடாது. அவருடைய விளக்கத்துக்குக் கிடைப்பது குழுவுக்கு. முதலில் தாளில் கையெழுத்திட்ட ஊகமும் அதற்கான காரணமும் அவரவருக்கு. ஊகம் பிழையாக இருந்தாலும் காரணம் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர்:

ஒரு சிறு சேர்க்கை. கோப்பை நான்கு முறை, நான்கு பெயரில் சேமிக்கச் சொல்லுங்கள்: குழு எண், வடிவத்தின் பெயர். ஒரே கோப்பில் மாற்றி மாற்றி வரைந்தால் முந்தையவரின் படம் அழிந்துவிடும், ஒப்பிடும் நேரத்தில் மூன்று வடிவங்கள் காணாமல் போயிருக்கும். ஜியோஜீப்ராவில் வரைந்த படிகளைக் காட்டும் பட்டியலைத் (Construction Protocol) திறந்தால் எந்தப் புள்ளி எந்த வரிசையில் வந்தது என்பதும் தெரியும். விளக்கம் கேட்கும்போது அதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.